மஞ்சள் கண்ணும் மத்தூர் மருந்தும்

தொழிற்சாலைகளில் நல அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் எல்லாம் என்னைவிட அதிகம் படித்தவர்கள். சட்டம், விதிமுறை, கேண்டீனில் எத்தனை பேருக்கு ஒரு குழாய் இருக்க வேண்டும் என்பது வரை உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். அதையெல்லாம் நான் பேசப்போவதில்லை. ஓசூரில் மூன்று சக்கர வண்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நல அலுவலராக இருந்து, சில வருஷம் முன்புதான் ஓய்வு பெற்றேன். எனக்கு முன்கோபம் உண்டு. நீட்டி முழக்கிப் பேசுகிற பழக்கமும் உண்டு. இரண்டையும் பொறுத்துக்கொண்டு இதைக் கேளுங்கள்.

உடம்பு சரியில்லாத ஆள் முதலில் நம்மிடம்தான் வருவான் என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருகிறோம். வரமாட்டான். ஊரெல்லாம் சொன்னாலும் நம்மிடம் சொல்லமாட்டான். அவனை வேலையிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பும் கை நம்முடையது என்று அவனுக்குத் தெரியும். இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் தான்சானியாவிலிருந்து வந்த மூன்று பேர்.

எங்கள் வண்டிகள் கப்பலேறி தார் எஸ் சலாம் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே அவற்றை விற்பவர் தன் பட்டறையிலிருந்து மூன்று மெக்கானிக்குகளை ஒரு வருஷப் பயிற்சிக்கு அனுப்பி வைத்தார். ஜூமா, எலியா, பராக்கா. மூன்று பேருக்கும் முப்பதை ஒட்டிய வயது. தங்க இடம், சாப்பாடு, விசா எல்லாம் என் தலையில் விழுந்தது. மத்திகிரியில் ஒரு வீட்டின் மாடியைப் பிடித்துக் கொடுத்தேன். அந்த வீட்டைப் பிடிப்பதற்குள் எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினேன் என்பது தனிக் கதை. போனில் "வாங்க சார், வாங்க சார்" என்றவர்கள் நேரில் இவர்களைப் பார்த்ததும் "அய்யோ, நேத்துதான் சார் ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டோம்" என்பார்கள். ஓசூரில் நேற்று மட்டும் அத்தனை வீடு வாடகைக்குப் போயிருக்கிறது.

கடைசியில் வீடு கொடுத்த அம்மாளும் சில வாரத்தில் எனக்கு போன் போட்டார்.

"சார், ஞாயித்துக்கெழமை ஆனா மொட்டமாடியில கூட்டம் போட்டுக்கினு ஒரே சத்தம். சண்டையா சிரிப்பான்னே தெரியல. வந்து ஒரு வார்த்தை கேளுங்க."

திட்டுவதற்காகத்தான் போனேன். மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஜூமா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு பழைய துண்டு. எலியா கையில் முடி வெட்டும் மெஷின். கீழே கடைத்தெருவில் சலூன்காரர் இவர்கள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கெடுத்துவிடுவேனோ என்று பயந்து கும்பிடு போட்டு அனுப்பிவிட்டாராம். அதனால் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். என்னை 'ம்ஸே' என்று கூப்பிட்டார்கள். அவர்கள் பாஷையில் பெரியவருக்குச் சொல்லும் மரியாதைச் சொல். திட்ட வந்தவன் மரியாதைக்கு மயங்கி உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஏதோ ஒரு பொய் சொல்லிவிட்டு அங்கே போயிருக்கிறேன்.

முடி வெட்டிக்கொள்ளும்போது ஆண்கள் பேசும் பேச்சு வேறு. குனிந்து உட்கார்ந்திருப்பவன் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. வெட்டுகிறவனுக்குக் கையில் வேலை இருக்கிறது. அதனால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அவர்கள் எனக்காக இங்கிலீஷில் பேசுவார்கள், சூடு ஏறினால் சுவாஹிலிக்குத் தாவிவிடுவார்கள்.

ஒரு நாள் ஜூமா சொன்னார்: "ஊரில் என்னை சுகுமா இனத்துக்காரன் என்பார்கள். தார் எஸ் சலாமுக்குப் போனால் ஏரிக்கரைப் பட்டிக்காட்டான் என்பார்கள். இங்கே நான் ஆப்பிரிக்கா. பஸ்ஸில் ஏறும்போது ஒரு கண்டத்தையே தனியாளாகத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருக்கிறது, ம்ஸே. நான் ஒரு நாள் கோபப்பட்டால் ஆப்பிரிக்காவே கோபக்காரன் ஆகிவிடும்."

"அதனால்தான் இந்த மாடி," என்றார் எலியா. "வாரம் முழுக்கச் சிரித்துச் சிரித்து எனக்குக் கன்னம் வலிக்கிறது. இங்கே மட்டும் முகத்தைச் சும்மா வைத்துக்கொள்ளலாம்."

நானும் சும்மா இருக்கவில்லை. சிங்காரப்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கறுப்பன் என்றுதான் பெயர். தொழிற்சாலையிலும் என் முதுகுக்குப் பின்னால் 'கறுப்பு சார்' என்பார்கள் என்று சொன்னேன். பராக்கா எழுந்து வந்து தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் நிறத்தைப் பற்றி மாமியார் வீட்டில் நடந்த விவாதத்தைச் சொன்னதும் ஜூமா அதையே ஒரு பாட்டாகக் கட்டிவிட்டார். பிரஸ் ஷாப்பில் தகடு வளைக்கும் மெஷின் போடும் தாளத்தை வாயாலேயே போட்டுப் பாடுவார் அவர். ஆனால் ஒன்று. என்னைக் கறுப்பன் என்று கூப்பிட்டவன் அடுத்த நிமிஷமே தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கக் கூட்டிப்போவான். இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் பஸ்ஸில் எழுந்து வேறு சீட்டுக்குப் போகிறார்கள். இரண்டும் ஒன்றாகாது. அன்று நான் சிரித்த சிரிப்பு எனக்கு வீட்டுக்கு வரும் வழியில் கசந்தது.

மூன்று பேரில் பராக்காதான் குறைவாகப் பேசுவார். கை பேசும். அவர்கள் ஊரில் மூன்று சக்கர வண்டிகளின் பின்பக்கம் படமும் எழுத்தும் வரைவது அவருடைய உபதொழில். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அசெம்பிளி லைனில் இருந்த பழைய பயிற்சி வண்டியின் பின்பக்கம் அவரை வரையச் சொன்னார்கள். மாலை போட்டு, நெற்றியில் விபூதி வைத்த ஓர் ஒட்டகச்சிவிங்கியை வரைந்து வைத்தார். பூஜை செய்ய வந்த ஐயர் அசந்து நின்றுவிட்டார்.

"இது இன்னா சாமிங்க?" என்று கேட்டார்.

"அவங்க ஊரு வாகனம் சாமி, நீங்க கற்பூரம் காட்டுங்க," என்றார் லைன் சூப்பர்வைசர் முனிரத்தினம்.

முனிரத்தினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜவளகிரிக்காரர். ஐம்பது வயது, கனத்த உடம்பு. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றிலும் திட்டத் தெரிந்தவர். லைனில் ஒரு போல்ட் தவறினால் அரை மணி நேரம் கத்துவார். அந்த ஒட்டகச்சிவிங்கிக்குப் பிறகு பராக்கா அவருக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டார். அவருக்கு இங்கிலீஷ் வராது, இவருக்கு அப்போது தமிழ் பத்து வார்த்தை. எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, ஆனால் கேண்டீனில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

கார்த்திகை பிறந்தது. ஓசூர்க் குளிர் உங்களுக்குத் தெரியும். காலை ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் வாயிலெல்லாம் புகை. பராக்கா அடிக்கடி லீவு போட ஆரம்பித்தார். வந்த நாளிலும் காலை இழுத்து இழுத்து நடந்தார். கண் மஞ்சளாக இருந்தது. கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஆள் என் அறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "குடிச்சிட்டு வர்றான் சார், கண்ணைப் பாத்தாலே தெரியுது" என்றார். அந்தப் பேச்சு முனிரத்தினத்தின் காதுக்குப் போயிற்று. கேட்டுக்கே வந்து சண்டை பிடித்தார்.

"எவன்டா சொன்னது குடிக்கிறான்னு? வாயை மோந்து பாத்தியா? கண்ணு மஞ்சளா இருந்தா காமாலைடா. உங்க ஊட்டுல ஒருத்தருக்கும் வந்ததில்லையா?"

அப்புறம் என்னிடம் வந்து, "சார், நாளைக்கு நான் லீவு. மத்தூர் பக்கத்துல காமாலைக்கு மருந்து குடுக்கிறாங்க இல்ல, அங்க பராக்காவைக் கூட்டிக்கினு போறேன். வெறும் வயித்துல, பொழுது விடியறதுக்கு முன்னாடி குடிக்கணும்" என்றார்.

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் வீட்டிலும் கண் மஞ்சளானால் டாக்டரிடம் போகும் முன் அப்படி ஒரு இடத்துக்குத்தான் போவோம். இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அப்படித்தான். ஒருவன் மேல் எங்களுக்குப் பாசம் வந்துவிட்டதென்றால் காமாலை மருந்துக்குக் கூட்டிப்போய்விடுவோம். "போயிட்டு வாங்க" என்றேன். பராக்காவும் மறுபேச்சு இல்லாமல் தலையாட்டினார். அவர் தலையாட்டியதுதான் எனக்குப் பிற்பாடு வெகுநாள் மனதில் உறுத்தியது.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வரும்போது போன் அடித்தது. முனிரத்தினம்.

"சார், மருந்து குடிச்சிட்டு வந்துக்கினு இருந்தோம் சார். கிருஷ்ணகிரி கிட்ட வரும்போது பைக்கை நிறுத்துன்னான். ரோட்டுலயே உக்காந்துட்டான். காலை அசைக்க முடியல, நெஞ்சு வலிக்குதுன்றான். ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டேன். நீங்க வாங்க சார்."

ஜூமாவையும் எலியாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் இருவரும் பின் சீட்டில் சுவாஹிலியில் வாக்குவாதம். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் என் வேலையில் நான் நிறையச் சண்டைகளைக் கேட்டவன். ஒருவர் எதையோ சொல்லிவிடலாம் என்கிறார், இன்னொருவர் கூடாது என்கிறார். அது மட்டும் தெரிந்தது.

அது ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. பராக்கா கட்டிலில் சுருண்டு கிடந்தார். அவ்வளவு பெரிய ஆள் தொடையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் போடவில்லை. இளம் வயது டாக்டரம்மா ஒருவர் என்னை வெளியே அழைத்து வந்தார்.

"சார், காமாலைன்னு சொல்றாங்க. அவரும் அதையேதான் சொல்றார். காமாலையில இப்படி வலி வராது. மூச்சு வேற குறைஞ்சுக்கிட்டே வருது. ரத்தம் எடுத்து வெளிய அனுப்பியிருக்கேன், ரிசல்ட் வரத் தாமதமாகும். இதுக்கு முன்னாடி என்ன நோய் இருந்துச்சுன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறார். எதையோ மறைக்கிறார். அது தெரியாம நான் தப்பா வைத்தியம் பண்ணிட்டா உயிருக்கே ஆபத்து."

பக்கத்தில் நின்ற ஆண் நர்ஸ் என் காதருகில் வந்து, "ஊசி பேரைச் சொல்லிக் கேக்கறான் சார். பெங்களூர்ல இந்த ஆளுங்களைப் போதை கேசுல புடிக்கிறாங்களே, அந்த மாதிரி..." என்று இழுத்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் வாக்கியத்தை முடிக்கவில்லை. வலியில் துடிக்கிறவனுக்குத் தனக்கு எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்திருப்பது குற்றமா? தெரிந்திருந்தால் அந்த வலி அவனுக்குப் பழசு என்றுதானே அர்த்தம்? அந்த நர்ஸை மனதுக்குள் திட்டத் திட்டத்தான் எனக்கே அது உறைத்தது. இது புது நோய் இல்லை.

எலியாவைத் தனியே கூப்பிட்டேன். "உனக்குத் தெரியும். சொல்லு," என்றேன்.

அவர் என் கண்ணை நேராகப் பார்த்தார். "நான் சத்தியம் செய்திருக்கிறேன் ம்ஸே. நான் சொன்னால் நீங்கள் அவரை விமானத்தில் ஏற்றி அனுப்புவீர்கள். அதுதானே உங்கள் வேலை?"

யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மாடியில் அவர்களோடு உட்கார்ந்து சிரித்தவன் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு நான் அப்போதும் கம்பெனியின் ஆள்தான். 'அனுப்பமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்க ஆசை. ஆனால் அது என் கையில் இல்லை. முடிவு ஜெனரல் மேனேஜர் கையில். பொய் வாக்குக் கொடுத்து உண்மையை வாங்கலாமா? உங்களில் யாருக்காவது இப்படி ஒரு நிமிஷம் வரும். வாக்கு எதுவும் கொடுக்காமல் திரும்பினேன்.

அப்போதுதான் வராந்தா மூலையில் முனிரத்தினத்தைப் பார்த்தேன். சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையால் நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். லைனில் அவர் குரலைக் கேட்டு நடுங்கியவர்கள் அதைப் பார்த்திருந்தால் நம்பமாட்டார்கள். வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பதுதான் முறை. நோயாளி அறையில் அழுகிற ஆளை விடக்கூடாது என்று எனக்கும் தெரியும். யோசித்துச் செய்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ளமாட்டேன். அவர் அழுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கி, "என்கிட்ட அழுது என்ன ஆகப்போவுது? அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க" என்று உள்ளே தள்ளிவிட்டேன்.

முனிரத்தினம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நான்தான்டா உன்னைக் கெடுத்துட்டேன். குளிருல வண்டியில வெச்சிக்கினு வந்தேன். தண்ணி தண்ணின்னு கேட்டியே, மருந்து வேலை செய்யாதுன்னு ஒரு வாய் குடுக்காம விட்டுட்டேனே. உனக்கு ஒண்ணு ஆச்சின்னா உங்க அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

பராக்காவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. 'அம்மா' மட்டும் புரிந்தாலே போதும். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் கையை நீட்டி முனிரத்தினத்தின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"முனி அண்ணா. உங்க தப்பு இல்ல," என்றார் தமிழில். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் சொன்னார்: "எனக்கு சிக்கிள் செல். பிறந்ததிலிருந்து. இவருக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இவர் மேல் பழி விழக்கூடாது."

தன் உயிருக்காகச் சொல்லாததை, இன்னொருவர் அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்னார்.

டாக்டரம்மா முகம் சட்டென்று தெளிந்தது. "கூடலூர்ல வேலை பார்த்தப்ப அங்க மலைக்கிராமத்து ஜனங்ககிட்ட இதை நிறையப் பார்த்திருக்கேன்," என்று சொல்லிக்கொண்டே வேலையில் இறங்கிவிட்டார். அந்த நோயில் ரத்த அணுக்கள் வளைந்து ரத்தக் குழாய்க்குள் அடைத்துக்கொள்ளுமாம். கண் மஞ்சளாவதும் அதனால்தானாம். அதற்குக் குளிரும் ஆகாது, தாகமும் ஆகாது. விடியலுக்கு முன் கிளம்பி, வெறும் வயிற்றில், தண்ணீர் இல்லாமல், குளிர்காற்றில் அவ்வளவு தூரம். பாசத்தோடு நாங்கள் அவருக்குச் செய்தது அத்தனையும் அவருக்கு ஆகாதது. கம்பளி போர்த்தினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றினார்கள். அவர் பெயர் சொல்லிக் கேட்ட அதே ஊசியையும் போட்டார்கள். எலியா வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜூமா அவர் தலையைத் தன் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

வலி தணிந்த பிறகு பராக்காவிடம் கேட்டேன், ஏன் மத்தூருக்குப் போகத் தலையாட்டினீர்கள் என்று.

"நீங்களே என் நோய்க்கு ஒரு பெயர் வைத்தீர்கள், ம்ஸே. மருந்து குடித்தால் போய்விடும் நோய். யாரும் வீட்டுக்கு அனுப்பாத நோய். அந்தப் பெயர் எனக்கு வசதியாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துபோயிற்று. இங்கே யாரிடம் கேட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும்." கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அம்மாவுக்குத் தெரியும். இவர்கள் இருவருக்கும் தெரியும். நான் கட்டிக்கொள்ளப்போகும் நீமாவுக்கு இன்னும் தெரியாது" என்றார்.

தேறி வந்ததும் அடுத்த சிக்கல். ஜெனரல் மேனேஜரிடம் சொல்லியாக வேண்டும். பராக்காவிடம் கேட்டுத்தான் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் நோய் அவருடைய சொத்து, நம்முடையது இல்லை. "முனி அண்ணாவுக்கே தெரிந்துவிட்டது, இனி என்ன" என்றார் அவர்.

ஜெனரல் மேனேஜர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "நம்ம இடத்துல ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? கண்ணியமா வழியனுப்பி வெச்சிடலாம் சார். சர்டிபிகேட் வேணும்னா பாதிப் பயிற்சிக்குக் குடுத்துடலாம்," என்றார். பாதிச் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு பராக்கா தன் ஊரில் பட்டறைத் தலைவர் ஆக முடியாது. அதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருக்கிறார். காலை ஷிப்ட் வேண்டாம், வெயில் ஏறிய பிறகு வரட்டும், குடிக்கத் தண்ணீர் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் போதும், டாக்டரே வேலை செய்யலாம் என்கிறார் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் முகம் இளகவில்லை.

கதவைத் தட்டாமல் முனிரத்தினம் உள்ளே வந்தார். அந்த அறைக்குள் அவர் அதற்கு முன் தானாக வந்ததே இல்லை.

"சார், எனக்கு சக்கரை இருக்குது. ஆறு வருஷமா. மாத்திரையை டூல் லாக்கர்ல வெச்சிக்கினு யாருக்கும் தெரியாம போட்டுக்கினு இருக்கிறேன். ரெண்டு தடவை லைன்லயே கண்ணு இருட்டிக்கினு வந்துது. நோய் இருக்கிறவனை அனுப்பறதுன்னா வரிசையில நான்தான் சார் முன்னாடி. என்னை அனுப்பிட்டு அப்புறம் அவனை அனுப்புங்க."

ஜெனரல் மேனேஜர் பேனாவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். "உங்களை அனுப்பிட்டு லைனை யாரை வெச்சு ஓட்டுறது?" என்றார் கடைசியில். என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன மாதிரி ஷிப்டை மாத்திக் குடுங்க சார். ரெண்டு பேருக்கும்," என்றார்.

பராக்கா பயிற்சியை முழுசாக முடித்தார். இன்று தார் எஸ் சலாமில் அந்தப் பட்டறைக்கு அவர்தான் தலைவர். மத்திகிரி மாடியில் அந்தக் குளிர்காலம் முழுக்க நாற்காலி பற்றவில்லை. லைனிலிருந்து நம் ஆட்களும் வர ஆரம்பித்தார்கள். முடி வெட்டிக்கொள்ள என்றுதான் வந்தார்கள். எலியா மெஷினை வைத்ததும் ஒருவன் ரத்தக் கொதிப்பைச் சொல்வான், ஒருவன் தூக்கம் வரவில்லை என்பான். என் அறையில் நான் நாற்காலி போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தும் வராத பேச்சு அது.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் நடந்ததை. ஜெனரல் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததும் முனிரத்தினம் என்னை ஓரமாக இழுத்தார்.

"சார், அவசரத்துல சொல்லிட்டேன். நாளைக்கு ஊரெல்லாம் தெரிஞ்சிடும். என் சம்சாரத்துக்கு இது தெரியாது சார். ஆறு வருஷம் மறைச்சவனை அவ இன்னா செய்வான்னு தெரியல. நீங்க கூட வாங்க. பராக்காவையும் இட்டுக்கினு வாங்க, அவன் இருந்தா அவ கத்தமாட்டா."

மூன்று பேருமாக அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எங்களை உட்கார வைத்து காப்பி கொண்டுவந்து வைத்தார். முனிரத்தினம் டம்ளரைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார், தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொல்லி முடித்தார். அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "சட்டைப் பையில மாத்திரை அட்டை கிடந்துது. நாலு வருஷம் ஆவுது. அப்போலேர்ந்து உன் காப்பியில நான் சக்கரையே போடறதில்ல. நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

முனிரத்தினம் டம்ளரையே பார்த்தார். "நீ காப்பித் தூளை மாத்திட்டேன்னு இல்ல நெனச்சேன்," என்றார்.

என்ன சொல்கிறார்கள் என்று பராக்கா கேட்டார். நான் இங்கிலீஷில் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் நிறுத்திவிட்டு அந்த அம்மாளையும் முனிரத்தினத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நம்பரை அழுத்திக் காதில் வைத்தார். "நீமா" என்று அவர் கூப்பிட்டது உள்ளே எங்களுக்குக் கேட்டது.

வெகுநேரம் பேசினார். அவருடைய காப்பி ஆறிப்போயிற்று. முனிரத்தினத்தின் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் மறுபடியும் சூடு பண்ணி வைத்தார்.